என் வழக்கின் இரண்டாம் பிரதிவாதி

நிலக்கடலைக் காட்டில் ஆட்களோடு நின்றுகொண்டிருந்தபோது தந்தி வந்தது. மலையாள எல்லையோரம் எங்கள் வடகரப்பதிப் பக்கம் தந்தி என்றால் ஒன்று சாவு, இல்லாவிட்டால் பட்டாளம். என் வீட்டில் பட்டாளத்தில் யாரும் இல்லை. ஆங்கிலம் எனக்குத் தகராறு என்பதால் தபால்காரரையே படிக்கச் சொன்னேன். "சுடலைமுத்து காலமானாருங்க. அனுப்புனது தங்கபாண்டி, பூப்பாறையிலிருந்துங்க" என்றார். பிடுங்கிய செடியை மண்ணோடு கீழே போட்டுவிட்டு, நான் பூப்பாறை போகிறேன் என்று ஆட்களிடம் சொன்னேன்.

பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்று கேட்டார். "ஏனுங்க, அது உங்க மேல கேசு நடத்துன ஆளுங்களா?"

"அவரு எங்கீங்க நடத்துனாரு? நாந்தானுங்க அவரு மேல போட்டேன்."

"அப்பறம் எழவுக்கு எதுக்குங்க அத்தன தூரம்?"

போய்விட்டு வந்து சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். பொள்ளாச்சி போய், தேனி, போடி என்று பஸ் மாறி மாறி ஏறி, மறுநாள் காலையில் போடிமெட்டில் மூடுபனிக்குள் இறங்கி டீ குடித்தேன். பூப்பாறை தாண்டி, அவர் குடியிருந்த சாந்தன்பாறை போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் வீட்டு வாசலில் சாக்கு விரித்து என்னை உட்காரவைத்தார்கள்.

அங்கேதான் தங்கபாண்டி, "எரங்கல் கூட்டத்துல படிக்கதுக்கு நீங்கதான் எழுதணும், மொதலாளி" என்று சொன்னான். ஒரு மனிதர் மேல் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டு, பிராதில் அவரைக் கூச்சமில்லாமல் ஏசியவன் அவருக்கே அஞ்சலி எழுதுவது வேறு எங்காவது நடக்குமா என்று எனக்குத் தெரியாது. 'ஆலோசகர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு திரியும் நபர்' என்று என் வக்கீலிடம் அடம்பிடித்து எழுதவைத்தவன் நான். அந்த நபரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் முன்னால் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

உங்களில் பாதிப் பேருக்கு அவர் ஏலத்தோட்டத்து டிஸ்பென்சரியின் கம்பவுண்டர். மீதிப் பேருக்குக் குத்துச்சண்டைக்காரன் தங்கபாண்டியின் ஆலோசகர். அந்தச் சொல் அவருக்குப் பிடிக்காது. "நான் என்ன ஆலோசன சொல்லுதேன்? கிழிஞ்சா தைக்கேன், வீங்குனா ஒத்தடம் குடுக்கேன்" என்பார். ஆனால் எந்தச் சண்டைக்கு ஒத்துக்கொள்வது, எதிராளி என்ன எடை, எத்தனை ரவுண்டு என்று எங்களோடு மல்லுக்கு நிற்பதெல்லாம் அவர்தான். என்னைப் போன்ற புரொமோட்டர்களுக்கு அவர் தொண்டையில் சிக்கிய முள். புரொமோட்டர் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அறுப்பு முடிந்த வயலில் நாலு கம்பம் நட்டுக் கயிறு கட்டி, ஊர் ஊராகப் போஸ்டர் ஒட்டி, பொழுது சாய்வதற்குள் ஆறு சண்டை நடத்திவிடுவோம். அவ்வளவுதான் எங்கள் தொழில்.

அவரை முதலில் பார்த்தது கொல்லங்கோட்டில். தங்கபாண்டிக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். இடது கை போவது கண்ணுக்குத் தெரியாது. எதிராளி பின்னால் சாய்வதுதான் தெரியும். ஒவ்வொரு ரவுண்டு முடிந்து மூலைக்கு வரும்போதும் கம்பவுண்டர் அவனிடம் ஒரே கேள்விதான் கேட்பார். "ஏல, காலைல என்னல தின்ன?" அவன் புட்டும் பயறும் என்பான். மணி அடித்ததும் அனுப்பிவிடுவார். அன்று நாலாவது ரவுண்டு முடிந்து வந்தவன் தோசை என்றிருக்கிறான். அடுத்த நிமிடம் சண்டையை நிறுத்தும் துண்டு ரிங்குக்குள் வந்து விழுந்தது. தங்கபாண்டி அதுவரை எல்லா ரவுண்டிலும் முன்னால் இருந்தவன். கூட்டம் எழுந்து நின்றது. பிறகு என் பெஞ்சுகள் ஒவ்வொன்றாக உடையத் தொடங்கின.

நான் பாய்ந்து போய்க் கேட்டேன். "ஏனுங்க, செயிச்சுட்டு இருக்கறவன நிறுத்தறதுக்கு நீங்க ஆருங்க?" எங்கள் பக்கம் கோபத்திலும் 'ங்க' கழன்று விழாது. ஆனால் அதற்குமேல் நான் பேசியதை இங்கே எழுதுவதற்கில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவர் துண்டை உதறி மடித்தார்.

"அவன் ஜெயிக்கது ஒங்களுக்குத் தெரியுது, மொதலாளி. அவனுக்குத் தெரியலியே. காலைல தின்னதயே மறந்துட்டான்."

அந்த வருடங்களில் எனக்கு எல்லாவற்றின் மேலும் கோபம். பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, விட்ட நிலமெல்லாம் இனிப் பாட்டக்காரனுக்கே என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்து, எங்கள் கீழ்க்காட்டு வயல் முழுக்கக் கையைவிட்டுப் போயிருந்தது. அது நியாயமா என்று இன்று கேட்டால் வேறு மாதிரி பதில் சொல்வேன். அன்று, கையில் கிடைப்பது எதையும் இனி விடுவதில்லை என்று ஒரு வீம்பு. கம்பவுண்டர் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போயிருந்த சமயம் பார்த்துத் தங்கபாண்டியைத் தனியாகப் பிடித்தேன். மெட்ராஸ் வரைக்கும் உன் பெயர் தெரியும்படி செய்கிறேன் என்று ஆசை காட்டி, பத்திரம் எழுதக் கூட்டிக்கொண்டு போனேன்.

பத்திரத்துக்கு எங்கள் பக்கம் ஆதாரம் என்று பெயர். அந்த ஆதாரம் எழுதுகிறவர் எங்கள் அப்பா காலத்திலிருந்து எங்கள் நிலபுலனுக்கெல்லாம் பத்திரம் எழுதியவர். ஒரு ஆளைப் பற்றி அதுவரை அவர் பத்திரம் எழுதியதில்லை. பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு, இதற்கு நாலு எல்லை எப்படிப் போடுவது என்று மலையாளத்தில் கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் "எப்பவும் போல எழுதுங்க" என்றேன். எப்பவும் போலத்தான் எழுதினார். எங்கள் பக்கத்தில் பலருக்கும் போல எனக்கும் மலையாளம் வாய்க்கு வரும், கண்ணுக்கு வராது. நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். அவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். தங்கபாண்டியும் போட்டான். மூன்று வருடம் எனக்கு மட்டுமே சண்டை போட வேண்டும், எதையும் நிறுத்துவதும் தொடர்வதும் என் இஷ்டம் என்பதுதான் அதில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அதன்பின் ஒரே மாதத்தில் மூன்று சண்டை வைத்தேன். நாலாவதற்குப் போஸ்டர் ஒட்டி, கூட்டமும் வந்து உட்கார்ந்த பிறகு ஆள் வரவில்லை. ஊர் திரும்பிய கம்பவுண்டரின் கையெழுத்தில் ஒரு சீட்டு மட்டும் வந்தது. விலா எலும்பில் அடி, ஆறும்வரை அனுப்ப முடியாது என்று இரண்டு வரி. அடுத்த வாரமே வழக்குப் போட்டேன். முதல் பிரதிவாதி தங்கபாண்டி, இரண்டாம் பிரதிவாதி சுடலைமுத்து. வழக்கு முடியும்வரை தங்கபாண்டி வேறு யாருக்காகவும் ரிங்கில் ஏறக்கூடாது என்று தடை வாங்கினேன். கம்பவுண்டர் பக்கத்தில் இல்லாமல் எனக்காக ஏறமாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான். ஆக, யாருக்காகவும் ஏறவில்லை.

வாய்தா மேல் வாய்தா போயிற்று. ஒரு தை போய் அடுத்த தை வந்தது. குத்துச்சண்டைக்காரனின் வயது முற்றிய கதிர் போல. வெட்ட வேண்டிய வாரத்தில் வெட்டாவிட்டால் உதிர்ந்துவிடும். இது தெரியாதவனல்ல நான். தங்கபாண்டி தோட்டத்தில் ஏலக்காய் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறான் என்று யாரோ வந்து சொன்னபோது, தூக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் வெறுப்பு வருகிறது.

கம்பவுண்டர் சாட்சிக் கூண்டில் ஏறிய நாளைப் பற்றிப் உங்களில் பலர் பலவிதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். நான் அங்கே இருந்தவன், அடிபட்டவனும் நானே. அதனால் சரியாகச் சொல்கிறேன். என் வக்கீல் பத்திரத்தை ஆட்டிக்காட்டி, இப்படி ஒரு ஒப்பந்தம் இருப்பது தெரிந்தும் அவனைக் கலைத்தது ஏன் என்று கேட்டார். அதை ஒரு தடவை படித்துப் பார்க்கலாமா என்று கம்பவுண்டர் கேட்டார். டிஸ்பென்சரிப் பதிவேடெல்லாம் மலையாளத்தில் எழுதுகிறவர். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். முதல் பக்கம் முடியும்போது அவர் உதடு லேசாகக் கோணியது. எல்லைப் பகுதி என்பதால் தமிழ் தெரிந்த முன்சீப். தமிழிலேயே சொல்லும்படி சொன்னார்.

"ஐயா, இதுல ஒப்பந்தம் ஒண்ணும் இல்ல, பாட்டச்சீட்டுதான் இருக்கு. மொதலாளிய ஜன்மி, நெலத்துச் சொந்தக்காரன்னு போட்டிருக்கு, பயலப் பாட்டக்காரன்னு போட்டிருக்கு. பூமிங்கிற எடத்துல இவன் தேகம். கிழக்க ரோடு, மேற்க ஓடைன்னு எல்லையும் இருக்கு. வரப்பு வெட்டி, எரு போட்டு, மூணு வருசம் அனுபவிக்கணுமாம்."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை.

"அப்பொறம், பாட்டக்காரனுக்கே பூமின்னு சர்க்காரு சட்டம் போட்டாச்சு. அதனால இவன் ஒடம்ப இவனுக்கே பட்டயம் போட்டுக் குடுத்துருங்க. நான் யாரையும் கலைக்கல. குடியிருக்கவன எறக்கிவிடக் கூடாதுன்னுதான் சொல்லுதேன்."

முன்சீப் மேசையைத் தட்ட வேண்டியிருந்தது. தட்டி முடித்து அவரும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். ஆதாரம் எழுதுகிறவர் செய்தது என்னவென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கள் குடும்பத்துக்கு எழுதிய பத்திரத்திலெல்லாம் ஜன்மி என்ற இடத்தில் எங்கள் பெயர்தான் இருக்கும். கை தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டு போயிருக்கிறது. உடம்பு நிலமாகாது, அந்தச் சட்டம் இதற்குப் பொருந்தாது, ஆனால் இந்தப் பத்திரம் எதற்குத்தான் பொருந்தும் என்று அடுத்த வாய்தாவில் வாதியின் வக்கீல் விளக்கட்டும் என்று முன்சீப் சொன்னார். நிலத்தை இழந்தவனை அதே சட்டத்தை வைத்து ஊர் சிரிக்க அடித்துவிட்டார் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பத்து நாள் டீக்கடைப் பக்கம் தலைகாட்டவில்லை.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வேளையில் அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பொட்டலம் ஏலக்காய். நான் வாங்க என்று சொல்லவில்லை. என் மனைவி சரசு சொன்னாள், இலையும் போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தார்.

"மொதலாளி, நான் வெலகிக்கிடுதேன். பய ஒங்ககிட்டயே ஆடட்டும், மூணு வருசமும் ஆடட்டும். கேச ராஜியா முடிச்சிருவோம். ஒரே ஒரு வரி மட்டும் எனக்குச் சேத்துத் தாங்க."

"என்ன வரிங்க?"

"சண்டைய நிறுத்தச் சொல்லுத அதிகாரம் பய கைகாட்டுத ஆளுக்கு. அந்த ஆளு துண்டப் போட்டா யாரும் மறுத்துப் பேசக் கூடாது."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கோர்ட்டில் என்னைக் கவிழ்த்துவிட்டுப் போன மனிதர் வீடு தேடி வந்து தன் பங்கை விட்டுக்கொடுக்கிறார் என்றால் உள்ளே ஏதோ சூது இருக்க வேண்டும். எதற்காக என்று கேட்டேன். "கேசு முடியதுக்குள்ள பயலுக்கு நரச்சிரும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று விறைப்பாகச் சொன்னேன். உள்ளேயிருந்து சரசுவின் குரல் வந்தது.

"ஏனுங்க, அவரு கேக்கறது ஒத்த வரிதானுங்க. உங்கொட ரோசம் எத்தன வரிங்க?"

ராஜிப் பத்திரம் என் வக்கீலின் ஆபீசில் தயாரானது. மறுபடியும் மலையாளம், மறுபடியும் ஒரு விரல் கையெழுத்துக்கு இடம் காட்டியது. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எதிர் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து, "நீங்களே படிச்சுச் சொல்லுங்க கம்பவுண்டரே. வேற ஆரையும் நம்பறதுக்கில்லீங்க" என்றேன். என் வக்கீலின் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. சுடலைமுத்து வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நின்று, "இந்த எடம் ஒங்களுக்குப் பாதகமா இருக்கு, மொதலாளி. மழ வந்து சண்ட நின்னாலும் ஒங்க மேலதான் குத்தம்னு ஆயிரும். மாத்தச் சொல்லுங்க" என்றார். மாற்றினோம். நான் ஃபீஸ் கொடுத்து வைத்த வக்கீல் பார்க்காததை, நான் வழக்குப் போட்ட ஆள் பார்த்துச் சொன்னார்.

தடை நீங்கியபின் முதல் சண்டை மறுபடி கொல்லங்கோட்டில். துண்டு யார் கையில் என்று ரெஃபரி கேட்டார். கம்பவுண்டரைத்தான் கைகாட்டுவான் என்று நான் என் நாற்காலிக்குத் திரும்பப் பார்த்தேன். தங்கபாண்டி என்னைக் காட்டினான்.

"உன்ன ஆரு இப்படிச் சொல்லச் சொன்னது?"

"கம்பவுண்டருதான், மொதலாளி. நீங்க கேட்டாத்தான் சரியா வரும்னாரு."

அவர் கூட்டத்தோடு கூட்டமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. நாலு ரவுண்டு நானே மூலையில் குனிந்து காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். நாலு தடவையும் இட்லி என்றான். ஐந்தாவது முடிந்து வந்தவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன கேட்கிறேன் என்று விளங்காமல் சிரித்தான். அவன் கண்ணை அவ்வளவு கிட்டத்தில் அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. இவ்வளவு நாள் நூறடி தள்ளி நாற்காலி போட்டுத்தானே உட்கார்ந்திருந்தேன். வெளியே கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. துண்டைப் போட்டேன்.

அன்றும் பெஞ்சுகள் உடைந்தன. ஒரு மண்கட்டி வந்து என் தோளில் விழுந்தது. என்னைப் பெற்றவர்களையும் விட்டுவைக்கவில்லை. ஆட்கள் கலைந்த பிறகு பார்த்தால் சுடலைமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கவிழ்ந்து கிடந்த பெஞ்சுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் போட்டுக்கொண்டிருந்தார். "இந்தக் கால் ஆடுது, ஆணி அடிக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

தங்கபாண்டி அதன்பின் நாலு வருடம் ஆடினான். மெட்ராஸிலும் இரண்டு தடவை ஏறினான். யாரும் நிறுத்தச் சொல்லாமல், தானே போதும் என்று முடிவுசெய்து இறங்கினான். இப்போது சாந்தன்பாறையில் ஏலக்காய் உலர்த்தும் பழைய கொட்டகை ஒன்றில் பையன்களைப் பழக்குகிறான். எங்கள் சித்தூர்ப் பக்கம் சண்டை வைக்கிற இரண்டு பேர் அந்த ஒரு வரியை என்னிடம் கேட்டு வாங்கித் தங்கள் பத்திரத்திலும் சேர்த்திருக்கிறார்கள். நானும் இந்த வயதில் மலையாள எழுத்துக் கற்றுக்கொண்டு, பத்திரம் என்றால் தட்டுத்தடுமாறியாவது முழுக்கப் படிக்கிறேன்.

சாவு வீட்டு வாசலில் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, தங்கபாண்டி ஒரு செய்தி சொன்னான்.

"ஒங்களுக்குத் தெரியாத ஒண்ணு சொல்லுதேன், மொதலாளி. கேசு அடுத்த வாய்தால தள்ளுபடி ஆயிரும், பத்திரமே செல்லாதுன்னு எங்க வக்கீல் அடிச்சுச் சொல்லிட்டாரு. அத கேட்டுட்டு வந்த மறுநாளுதான் கம்பவுண்டரு ஒங்க வீட்டுக்குக் கெளம்புனாரு. நான் சண்ட போட்டேன். ஜெயிக்கப் போறோம், எதுக்கு அந்தாளு வாசல்ல போய் நிக்கீருன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஜெயிச்சா நீ ஒருத்தன் தப்பிப்ப. அவரு நாளைக்கு வேற ஒரு பயலப் புடிச்சிட்டு வந்து, ஒழுங்கா எழுதத் தெரிஞ்சவங்கிட்ட பத்திரம் போடுவாரு. அவரு கெட்டவரு இல்லல, இன்ன வரைக்கும் கிட்டக்க வந்து பாத்ததில்ல, அவ்வளவுதான். அவரையும் சேத்து இழுத்துட்டு வந்துருவோம்னாரு."

ஆறு வருடமாக, வழக்கு இழுத்துவிடும் என்று பயந்துதான் அவர் விட்டுக்கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சாக்கின் மேல் உட்கார்ந்து, தெரியாதவர்கள் அத்தனை பேருக்கும் நடுவில் வாய்விட்டு அழுதேன். என் அப்பா இறந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்து நான் வைத்திருப்பது என்ன என்று சொல்லி முடிக்கும்படி கூட்டம் நடத்துகிறவர்கள் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் இப்போது பதினொரு பேர் ஆடுகிறார்கள். பதினொரு பேரின் முகமும் எனக்குத் தெரியும், கிட்டத்தில் தெரியும். எவனுக்கு எந்தக் காது மந்தம், எவன் வலித்தாலும் சொல்லமாட்டான் என்று தெரியும். அவர் தந்தது அதுதான். வருகிற தை அறுப்பு முடிந்ததும் சண்டை இருக்கிறது. அவரை அறிந்தவர்கள் எல்லோரும் வாருங்கள். முன் வரிசையில் இடம் போட்டு வைக்கிறேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நான் நிறுத்தத் தவறினால், அவர் பெயரைச் சொல்லி எழுந்து என்னைச் சத்தம் போடுங்கள்.